ராணியின் உள்பாவாடை

"பங்குனி 3. ராணிக்கு உள்பாவாடை மூணு அடுக்கு. மல் துணி ஒம்பது கஜம். கஞ்சி கெட்டியா."

அத்தையின் கையெழுத்தில் உள்ள இந்தத் துண்டுச் சீட்டு, தையல் மெஷின் பெட்டிக்குள் கிடைத்தது. வருடம் எழுதவில்லை. துணியைக் கஜத்தில் அளந்திருக்கிறாள், மீட்டர் இன்னும் வரவில்லை. பள்ளி நாடகத்தில் ராணி நான்தான், அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆகவே 1959 மார்ச் என்று கொள்கிறேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. நான்கு வருடங்களாக ஸ்ரீரங்கத்தில் எங்களோடுதான் இருந்தாள். அவள் கணவர், அத்திம்பேர், வடக்கே வேலையில் இருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவரிடமிருந்து கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. வடக்கே தபால் மெதுவாக நடக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

திருச்சியில் என் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் இடம் காலியாயிருந்தது. ஆண்டுவிழா நாடகத்துக்கு அத்தை ராணி உடுப்புத் தைக்கட்டும், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார் தலைமை ஆசிரியை.

"ஆடாம நின்னு அளவு குடு," என்றாள் அம்மா. "இந்த வேலை கிடைச்சா அத்தை நம்மாத்துலயே இருப்பா. இல்லேன்னா சித்திரையில மாமியார் வந்து அழைச்சிண்டு போயிடுவா."

எனக்கு இருந்த கவலை வேறு. கவுன் கோயில் மணி மாதிரி விரிந்து நிற்க வேண்டும். இந்தியாவில் வியாபாரம் செய்ய அனுமதி கேட்டு வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பும் பழங்காலத்து இங்கிலாந்து ராணி நான். சுதந்திரம் வந்த பிறகும் அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

மாதிரிக்கு இருந்தது ஒரு பிஸ்கட் டின். அதன் மூடியில் ஒரு சீமாட்டி நின்றாள். அவளுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்பக்கம் எப்படியிருக்கும் என்று அத்தை இரண்டு நாள் யோசித்துவிட்டு, நம் ரவிக்கை போலவே முடிச்சு வைத்தாள். கவுன் விரிந்து நிற்க உள்ளே மூன்று அடுக்குப் பாவாடை, அதற்கு முரட்டுக் கஞ்சி. சாதம் வடித்த கஞ்சி ஆசாரத்துக்குத் தனியே உலர்த்தும் மடித்துணிப் பக்கம் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், கொல்லைக் கதவுக்கு வெளியே கொடி கட்டிக் காயப்போட்டோம். காவலுக்குக் கையில் குச்சியோடு நான்.

நாடகத்துக்கு முதல் நாள் அது. துவைக்கிற கல்தான் சிம்மாசனம். வெயிலில் உள்பாவாடைகள் தாமே நடந்து வருவது போல ஆடின. முருங்கை மரத்து அணில்களுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது ஒரு பசுமாடு, எந்த அவசரமும் இல்லாமல், இரண்டாவது அடுக்கை மென்றுகொண்டிருந்தது; மற்ற இரண்டும் அதன் காலடியில் மிதிபட்டுக் கிழிந்து கிடந்தன.

அத்தை என்னைத் திட்டவில்லை. வானத்தைப் பார்த்தாள். புதுத் துணி வாங்கினாலும் கஞ்சி காய இனி வெயில் இல்லை. உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அரக்குப் பட்டு ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தாள்.

"கூறைப் புடவைன்னா அது!" என்றாள் அம்மா.

"தெரியும் மன்னி. அந்தத் தலைப்பைப் பிடிச்சுக்கோங்கோ."

"வேற பட்டு இல்லையாம்மா உங்கிட்ட?" அப்பாவின் குரல் மிகத் தணிந்திருந்தது.

"இருக்கு அண்ணா. இதுதான் விறைப்பா நிக்கும். ரெண்டு தரம் கட்டினது."

அம்மா குனிந்து தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். கத்திரி ஓடிய சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அங்கே துவைக்கிற கல்லைத் தவிர உட்கார இடம் கிடையாது. ஒன்பது கஜமும் கச்சிதமாகப் போதும் என்பதில் எனக்கு ஒரே மகிழ்ச்சி. விளக்கு வைப்பதற்குள் மூன்று அடுக்கும் தைத்தாகிவிட்டது.

மறுநாள் மேடையில் நான் மணி மாதிரியே நின்றேன். நடந்தால் சரசரவென்று யாரோ ரகசியம் பேசுவது போலிருந்தது. நாடகம் முடிந்ததும் தலைமை ஆசிரியை கவுன் ஓரத்தைத் தூக்கி உள்தையலைப் பார்த்தார். பிறகு அத்தையைத் தனியே அழைத்துப்போனார். நான் காகிதக் கிரீடத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. கீழே மணல், நடுவில் ஒரு நூல் தண்ணீர். அப்போதுதான் எனக்கு ஒரு பயம் வந்தது.

"அத்தை, கல்யாணப் புடவையை வெட்டிட்டியே, அத்திம்பேர் வந்தா திட்ட மாட்டாரா?"

"யார் வந்தா?" என்றாள் அத்தை.

பாலத்து இரைச்சலில் காதில் விழவில்லை போலும் என்று, "அத்திம்பேர்! அத்திம்பேர் வந்தா!" என்று கத்தினேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அத்தை என் கிரீடத்தை நேராக வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் என்னை உட்காரச் சொன்னாள். அன்று முழுவதும் அவளுக்குக் காது கேட்கவில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

அத்தை அந்தப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை தையல் சொல்லிக்கொடுத்தாள். வேலை உத்தரவில் இருப்பது ஜூன் மாதத் தேதி. தலைமை ஆசிரியை நாடகத்தன்றே வாய்ச்சொல்லாக உறுதி தந்துவிட்டாரா, இல்லை கோடை முழுவதும் காக்க வைத்தாரா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. வேலை கிடைத்தது தெரிந்துதான் அன்று அவள் "யார் வந்தா?" என்று கேட்டாளா, தெரியாமலே கேட்டாளா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.