சரணத்தின் கடைசி இரண்டு வரி

பதினைந்து வருடமாக மைசூரில் ஒலிப்பதிவு செய்துவந்தேன். இது நடக்கும்வரை ஒரு பாட்டிலும் என் பெயர் வந்ததில்லை. மன்னிப்புக்காக இதைச் சொல்லவில்லை. நான் செய்ததற்குக் காரணம் எவ்வளவு அற்பமானது என்று தெரியட்டும்.

எங்கள் ஸ்டுடியோ நஞ்சன்கூடு ரயில்பாதையை ஒட்டி இருந்தது. ரயில் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அங்கே ஒரு நர்ஸ் டிராக் பாட வருவாள். பெரிய பாடகிக்குப் பாட்டு எப்படிப் போகும் என்று காட்டப் பாடிவைப்பதுதான் டிராக். அவர் வந்து பாடியதும் அதை அழித்துவிடுவோம். இது தெரிந்துதான் வந்தாள். ஒரே ஒருமுறை கேட்டாள்.

"அண்ணா, என்னிக்காவது ஒரு பாட்டுலயாவது என் பேரு வருமாண்ணா?"

அது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. சரணத்தின் கடைசி இரண்டு வரி உச்சத்துக்கு ஏறும். பெரிய பாடகிக்கு எட்டவில்லை. தொண்டை சரியில்லை என்று கிளம்பிவிட்டார். இசையமைப்பாளர் கதவைச் சாத்தினார்.

"அந்த ரெண்டு லைனுக்கு டிராக்கையே வெச்சிடு. யாருக்கும் தெரிய வேணாம். மிக்ஸிங்ல உன் பேரு போட்டுடறேன், ஆய்தா?"

"ஆய்து சார்," சரி என்று கன்னடத்திலேயே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. இரண்டு குரலும் ஒட்டிய இடம் தெரியாதபடி ஒரு பகல் முழுக்க இழைத்தேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

பாட்டு என் பெயரோடு வெளியானது. மறுவாரமே அவள் போனும் கையுமாக வந்தாள்.

"அண்ணா, இந்த எடம் நான் பாடினதுதானே?"

"மூஞ்சியக் கண்ணாடியில பாரு. அவங்க எங்க, நீ எங்க?"

அழுவாள், சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். பாவி, அவள் சந்தோஷப்பட்டாள்.

"அப்ப அவங்க குரலு அப்படியே என் குரலு மாதிரியே இருக்காண்ணா!"

ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லித் திரிந்தாளாம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுடைய சர்ச்சில் பாடகர் குழுவைப் பதிவு செய்யப் போனேன். அதே பாட்டு. அந்த இரண்டு வரியை அவள் தனியாகப் பாடினாள். குழுத் தலைவர் கையைத் தட்டி நிறுத்தினார்.

"அந்தம்மாவக் காப்பியடிக்காதம்மா. எல்லாரும் சிரிக்கறாங்க பாரு. உன் சொந்தக் குரல்ல பாடு."

"சாரி பிரதர்," என்றாள். குரலைத் தாழ்த்தி, தட்டையாக, வேறு யாரோ போலப் பாடினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சரியா வருதாண்ணா?"

"சரியா வருது," என்றேன்.