எனிட்டின் பித்தளைச் சாவி

இங்கிலாந்தின் கீத்லியில் எங்கள் தெருவில் வில்ஃப் சக்டனை யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் வருவார். வந்தால் உட்கார மாட்டார், சுற்றிப் பார்ப்பார். முப்பத்தொரு வருஷம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முந்தின நாள் டிக்கெட்டோடு பயணம் செய்த சொந்த மைத்துனனையே பிங்லி நிறுத்தத்தில் மழையில் இறக்கிவிட்டவர். "கண்ணைப் பாத்தா தெரியும் நெவில், எவன் திருடன்னு" என்பார் என்னிடம். சொல்லிவிட்டு என் கண்ணையே பார்ப்பார்.

நான் பக்கத்து வீடு. எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு கல் சுவர். அந்த அக்டோபரில் நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, குற்றவாளிப் பட்டியலில்.

சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் அவர் வீட்டு ரேடியேட்டர்கள் மேலே சூடாகவும் அடியில் ஜில்லென்றும் இருந்தன. கெர்ஸ்டி என்ற பெண் சரிசெய்ய வந்தாள். நாற்பது வயது, குட்டையான உடம்பு, உரத்த சிரிப்பு. குழாய்களுக்குள் வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் இயந்திரத்தைப் பொருத்தினாள். வெளியே வந்த தண்ணீர் மை போலக் கறுப்பாக இருந்தது.

வில்ஃப் வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தச் சேத்த நீதானம்மா கொண்டு வந்தே?"

"ஆமா, எங்க வீட்ல நிறைய இருக்கு. போற வீட்டுக்கெல்லாம் ஒரு வாளி குடுக்கிறேன்" என்றாள் கெர்ஸ்டி.

அவர் சிரிக்கவில்லை. ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து, தானே குழாயில் பிடித்தார். அதுவும் கறுப்பு. அவள் பாட்டிலின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வைத்தாள். உள்ளே இருந்த கறுப்பெல்லாம் கண்ணாடியோடு வந்து ஒட்டிக்கொண்டது.

"இரும்பு. உங்க ரேடியேட்டர் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு உதிர்ந்தது."

அவர் காந்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அன்று அவர் மனைவி எனிட் கெர்ஸ்டிக்குத் தேநீர் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் இன்னொரு கோப்பை. அப்புறம் மூன்றாவது. கெர்ஸ்டி மூன்றையும் வாங்கிக்கொண்டாள். "என்ன இவளுக்கு இப்படி உபசாரம்?" என்று வில்ஃப் அதையும் மனதில் குறித்து வைத்துக்கொண்டார்.

மாலைக்குள் தண்ணீர் தெளிந்தது. துருப்பிடிக்காமலிருக்க மருந்து ஊற்றி, தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரின் பிரஷர் முள்ளை ஒன்றரையில் நிறுத்திவிட்டு அவள் போனாள். மூன்றாம் நாள் முள் ஒன்றுக்குக் கீழே கிடந்தது. வில்ஃப் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றினார். இரண்டு நாளில் மறுபடியும் இறங்கியது. பாய்லர் தானே நின்றுவிட்டது.

கெர்ஸ்டி வந்து எல்லாக் குழாய் இணைப்பையும் தடவிப் பார்த்தாள். எங்கும் ஈரமில்லை.

"ஒழுகலையே."

"ஒழுகாம தண்ணி எங்க போவும்? நீயே ஏதோ ஒண்ண லூசாக்கிட்டுப் போயிருக்கே, திரும்பக் கூப்பிடுவேன்னு."

"எனக்கு வேற வேலை இல்லன்னு நினைச்சீங்களா?"

அவள் போனதும் அவர் எனிட்டின் நகப்பூச்சை எடுத்து வீட்டிலிருந்த ஒவ்வொரு குழாய்த் திருகுக்கும் சிவப்புக் கோடு போட்டார். யாராவது திருகினால் கோடு விலகும். ஒரு வாரமாகியும் ஒரு கோடும் விலகவில்லை. ஆனால் முள் இறங்கியது.

அடுத்தது என் முறை. சனிக்கிழமை காலை டார்ச்சோடு வந்தார்.

"உன் சிங்க்குக்கு அடியில பாக்கணும்."

"எதுக்கு?"

"எங்க வீட்டுச் சுடுதண்ணி இந்தப் பக்கம் வருதான்னு."

"வந்தா நான் ஏன் காலைல ஜில்லுன்னு முகம் கழுவுறேன்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று மண்டியிட்டு உள்ளே தலையை விட்டார். என் வீட்டு ஈரமான பழைய துணியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அதையும் முகர்ந்து பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு ரேடியேட்டருக்கு அடியிலும் காகிதக் கைக்குட்டை விரித்தார். ஒன்றும் நனையவில்லை. அப்படியென்றால் தண்ணீர் ஒழுகவில்லை, யாரோ எடுக்கிறார்கள். அவர் முடிவு அதுதான். பகலில், தான் இல்லாத நேரத்தில்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, நூலகத்துக்குப் போவதாகச் சொல்லி முன்வாசல் வழியாகப் போனார். தெருவைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்து, ஷூவைக் கழற்றிவிட்டுச் சமையலறையில் பாய்லருக்கு எதிரே நின்றார். கெர்ஸ்டியிடம் சாவி இருக்கிறதா, நான் ஏணி வைத்து வருவேனா என்று என்னென்னவோ எண்ணியபடி நின்றதாக, பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

மாடியில் 'உஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். அவர் கண்ணெதிரே முள் அசைந்து இறங்கியது.

படியின் ஓரமாகக் கால் வைத்து, பலகை முனகாமல் ஏறினார். மாடிப்படி முடியும் இடத்தில், ரேடியேட்டர் பக்கத்தில் எனிட் மண்டியிட்டிருந்தாள். ஒரு கையில், ரேடியேட்டருக்குள் சிக்கிய காற்றைத் திறந்துவிடும் சின்னப் பித்தளைச் சாவி; காற்று தீர்ந்தால் தண்ணீர் வரும். மறுகையில் தேநீர்க் கோப்பை. சாவியைச் செருகும் அந்தத் திருகுக்கு மட்டும் அவர் நகப்பூச்சு போட்டிருக்கவில்லை. கோப்பை நிறைந்துகொண்டிருந்தது.

"வந்துட்டியா? இது கொடகொடன்னு ஒரே சத்தம் வில்ஃப். குளிர் ஆரம்பிச்சு நான் ஒரு தடவகூட காத்து எடுக்கல, அதான்."

"நேத்து எடுக்கலியா நீ?"

"நேத்தா? நேத்து எதுக்கு எடுக்கப்போறேன்?"

அவள் கண்ணைப் பார்த்தார். பொய் இல்லை. கோப்பைத் தண்ணீரைக் குளியலறையில் கொட்டிவிட்டு அவள் கீழே வந்தாள், கெட்டிலைப் போட்டாள். தண்ணீர் கொதிப்பதற்குள், கோப்பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் படியேறினாள். மேலே மறுபடியும் அந்தச் சத்தம்.

வில்ஃப் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் இத்தனை நாள் எல்லாரையும் கவனித்தவர், அவளை மட்டும் கவனிக்கவே இல்லை.

மறுநாள் கெர்ஸ்டி வந்தாள். புகார் எழுதப்போவதாக அவர் மிரட்டியிருந்ததால் முகம் இறுகியிருந்தது.

"உன் மேல தப்பில்ல. நான்தான் தெனமும் மாடியில காத்துத் திறந்துட்டு இருந்தேன். மறந்துட்டேன்" என்றார் வில்ஃப்.

அடுத்தவருக்காக அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு மோசமாகச் சொன்னார். கெர்ஸ்டி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் கோப்பையோடு நின்ற எனிட்டைப் பார்த்தாள். எனிட் சிரித்தாள். "டீ குடிக்கிறியா கண்ணு? வந்ததுலேருந்து ஒண்ணுமே குடிக்கலியே."

"குடுங்க, குடிக்கிறேன்" என்றாள், கையில் ஏற்கனவே ஒரு கோப்பை இருந்தும்.

எனிட் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினாள். "தெனமும் புதுத் தண்ணி ஏத்தினா மருந்து நீர்த்துப் போயிரும். மறுபடி துரு, மறுபடி சேறு. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது, அவங்களுக்கு அடுப்பு; அணைச்சத மறந்துட்டு மறுபடி மறுபடி போய்ப் பாப்பாங்க."

"சாவிய ஒளிச்சு வைக்கவா?"

"தேடுவாங்க. கெடைக்கலன்னா அழுவாங்க. மாடி ரேடியேட்டருக்குத் தண்ணி வந்து போற ரெண்டு பக்கமும் மூடிர்றேன். அப்புறம் எவ்ளோ திருகினாலும் நாலு சொட்டுதான்."

"அப்ப அவள ஏமாத்தச் சொல்றே."

"ஆமா."

"சரி, மூடு" என்றார். ஆனாலும் அவள் வால்வை மூடும்போது பக்கத்தில் நின்று, எத்தனை சுற்று என்று எண்ணினார்.

அன்று சாயங்காலம் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் ஒன்றோடு என் கதவைத் தட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. உட்கார்ந்தார், அதுவே பெரிசு. எல்லாவற்றையும் சொன்னார். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும் நெவில். அவ கேட்டா எதுக்குன்னு சொல்ல?" என்றார். பிறகு மருத்துவர் சொன்னது நாங்கள் நினைத்த மறதி நோயைத்தான்.

இப்போது மூன்றாவது குளிர்காலம். பிரஷர் முள் அசையாமல் நிற்கிறது. மாடிப்படி குளிர்கிறது, வில்ஃப் அங்கே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார். எனிட் நாளுக்கு நாலு தடவை சாவியைத் திருகி, "காத்து இல்ல, நல்லா இருக்கு" என்று திருப்தியாக இறங்கி வருகிறாள்.

ஆனால் சந்தேகம் இப்போது அவளிடம் குடியேறிவிட்டது. கையுறை காணோம், பர்ஸ் காணோம், எல்லாம் அவர்தான் எடுத்தார். "நீ யாரு? இங்க என்ன பண்றே?" என்றுகூடச் சில காலைகளில் கேட்கிறாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும். வில்ஃப் கோபப்படுவதில்லை. எழுந்து நின்று, கால்சட்டைப் பையிரண்டையும் வெளியே இழுத்துக் காட்டுகிறாராம். அவள் அருகில் வந்து, கை விட்டு நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு, "சரி, உக்காந்து சாப்பிடு" என்பாளாம். பிறகு இருவரும் ரொட்டியில் மார்மலேட் தடவிச் சாப்பிடுகிறார்கள்.