பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கார் வாங்கியவள்

பெற்றவர்கள் வைத்த பேர் அவளுடைய லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி, அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்களுக்கும், கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கும், முதல் நாளே பயந்து ஓடிப்போனவர்களுக்கும் அவள் ‘பிரேக் அக்கா’. தலை நரைத்த மாணவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாசல் பலகையில் ‘ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி’ என்று எழுத்து பெரிதாக இருந்தாலும், பள்ளி என்பது அவளும் ஒரு சின்னக் காரும்தான்.

வேறொருவர் வேலைக்கு வராமல் போனதால் அவள் இந்தத் தொழிலுக்கு வந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு பெரிய பயிற்சிப் பள்ளியில் ரசீது போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை வாத்தியாரைக் காணோம். மறுநாள் தேர்வுக்குப் போக வேண்டிய ஒரு பெண் வாசலில் அழுகிற நிலையில் நின்றாள். “லைசென்ஸ்தான் வச்சிருக்கீங்களேக்கா, நீங்களாவது பக்கத்துல உக்காருங்க, போதும்” என்றாள். இவள் உட்கார்ந்தாள். வண்டி குலுங்கியது, அந்தப் பெண் நடுங்கினாள், இவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பயந்தவர்களுக்குப் பக்கத்தில் பதறாமல் உட்கார்ந்திருப்பது தனக்குக் கைவரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்தித் தீர்க்கிற வாத்தியார்கள் நிறைந்த தொழிலில் அது சின்ன விஷயமில்லை.

அன்றிலிருந்து, பிறகு சொந்தமாகப் பள்ளி தொடங்கிய பின்னும், அவள் உலகத்தைப் பார்த்ததெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்துதான். அவள் காலடியில் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. மாணவர் தப்புச் செய்தால் அவள் மிதிப்பாள். அதையும் மீறிப் போனால் நடுவில் ஹேண்ட்பிரேக். பஸ்ஸில் போகும்போதுகூட ஏதாவது குறுக்கே வந்தால் அவள் கால் தரையை அழுத்தும். ஊரார் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவளால் வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. மருந்துக்கடை வைத்திருந்த அவர் இரண்டாம் நாளே வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். “வீட்லயும் நீதான் பிரேக் போடுற. ரோட்லயும் நீயே போட்டா நான் எங்கதான் போறது?”

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் புது விதி ஒன்று வந்து விழுந்தது. பயிற்சி வண்டிக்கு வயது வரம்பு. அவளுடைய கார் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. “இந்த மாசக் கடைசிக்குள்ள வேற வண்டி கொண்டுவந்து காட்டுங்க. இல்லன்னா பர்மிட் ரத்து” என்று போக்குவரத்து அலுவலகத்தில் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்கள். பர்மிட் போனால் மாணவர்கள் தெருமுனையிலிருக்கும் பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப வர மாட்டார்கள்.

அந்தச் சின்ன வண்டியை விட்டு வேறொன்றுக்குப் போக அவளுக்கு மனமில்லை. எண்ணெய் குடிக்காத, சந்துக்குள் திரும்புகிற, இடித்தாலும் கோபித்துக்கொள்ளாத வண்டி. ஒரே பேரில் அந்தக் கம்பெனி அதை மூன்று முறை புதிதாக வடித்திருந்தது. அவளிடம் இருந்தது மூத்தது. நடுவுள்ளது விற்பனை நின்று போய், இப்போது பழைய வண்டி விற்கிறவர்களிடம்தான் கிடைக்கும். கடைக்குட்டி ஷோரூம் கண்ணாடிக்குள் பளபளவென்று நின்றது.

“கடைக்குட்டிதான்க்கா, யோசிக்கவே யோசிக்காத” என்றான் அவள் தம்பி. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். கார் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே பண்டிதனானவன். சொந்தமாக ஓட்டுவது ஸ்கூட்டர்.

ஷோரூமில் விற்பனைக்காரப் பையன் சிரித்த முகத்தோடு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். அவள் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

“மேடம், டிரைவர் சீட் இந்தப் பக்கம்.”

“தெரியும்ப்பா. நீ ஓட்டு.”

“நீங்க ஓட்டிப் பாத்தாத்தானே மேடம் வண்டியோட அருமை தெரியும்?”

“நீ ஓட்டு, நான் பாக்கறேன்.”

ஓட்டப் பயப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. முன்கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு ஆளையே மறைக்கும் அகலத்தில் இருந்தது. வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கை தன்னால் நடுவே போய்த் துழாவியது. அங்கே ஒரு குழியும் அதில் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன.

“ஹேண்ட்பிரேக் எங்கப்பா?”

“பட்டன் மேடம்!” ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம், கதவோரமாக இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினான். “ஒரு விரல் போதும்.”

“யாரோட விரல்?”

“டிரைவரோட விரல்தான் மேடம்.”

“என் விரல் அங்க எட்டாதே.”

“நீங்க எதுக்கு மேடம் எட்டணும்?”

பின்சீட்டிலிருந்து தம்பி தலையை நீட்டினான். “அக்கா, ஹேண்ட்பிரேக்கை விடு. முன்னால ஏதாவது வந்தா இது தானாவே பிரேக் போடும். பிரதர், போட்டுக் காட்டுங்க.” ஷோரூமின் பின்புறம் ஒரு அட்டைப் பெட்டியை நிறுத்தி, அதை நோக்கி ஓட்டினான் பையன். வண்டி தானாகக் குலுங்கி நின்றது. தம்பி கைதட்டினான். “பாத்தியா! இனிமே பிரேக் அக்கா இந்த வண்டிதான். நீ வீட்ல உக்காந்து ரெஸ்ட் எடு!”

பையனும் சேர்ந்து சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்றது. வண்டி நிற்கும், சரி. ஏன் நின்றது, இன்னும் எவ்வளவு முன்னாலேயே காலை எடுத்திருக்க வேண்டும் என்று அட்டைப் பெட்டியா சொல்லித் தரும்?

ஆனாலும் மனசு கேட்காமல், பக்கத்து இருக்கைக்கு இரட்டை மிதி பொருத்தும் மெக்கானிக்கை ஷோரூமுக்கே கூட்டிவந்து காட்டினாள். அவன் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “அந்தப் பக்கத்து மிதிலேர்ந்து உங்க மிதிக்குக் கம்பி வரணும்க்கா. வர்ற வழியில ஏதோ ஒரு பொட்டிய வச்சு அடைச்சிருக்கான். ஓட்டை போட்டா கம்பெனி கேரண்டி போயிடும். போடலைன்னா மிதி இல்ல; மிதி இல்லாம ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. பேசாம நடுவுள்ளத வாங்குங்க.”

நடுவுள்ளதைத் தேடப் போனபோதுதான் உலகம் எவ்வளவு கெட்டுக் கிடக்கிறது என்று தெரிந்தது. ஒன்று வாடகைக்கு ஓடி ஓடி எலும்பெல்லாம் தளர்ந்து, புதுச் சீட் கவரைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றது. இன்னொன்றில் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்ததும் அடியிலிருந்து காய்ந்த சேறு உதிர்ந்தது. வெள்ளத்தில் குளித்த வண்டி. மூன்றாவது வண்டியின் சொந்தக்காரர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“வீட்டுக்காரர் வரலையாம்மா?”

“அவருக்கு ஓட்டத் தெரியாது.”

“அடடா. அப்ப ஓட்டறது யாரு?”

தம்பியோ எல்லா வண்டியிலும் முதலில் பாட்டுப் பெட்டியைத்தான் போட்டுப் பார்த்தான். “திரை சின்னதா இருக்கேக்கா” என்றான் ஒரு இடத்தில். மறுநாளிலிருந்து அவனைக் கூட்டிப்போவதை நிறுத்திக்கொண்டாள். மாதமோ முடியப் போகிறது.

கடைசியில் கிடைத்தது ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளரின் வண்டி. நடுவுள்ளதிலேயே பிந்திய வருஷத்தது. இன்னும் சில வருஷங்களுக்கு ஆபீஸ் வாய் திறக்காது. விலையைப் போனிலேயே பேசியாகிவிட்டது. வெளியே கீறல் இல்லை, உள்ளே தூசி இல்லை. நடுவில் ஹேண்ட்பிரேக் கம்பீரமாக நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

“எடுங்க, ஓட்டிப் பாருங்க” என்று சாவியை நீட்டினார் மேலாளர்.

“நீங்க ஓட்டுங்க சார். நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்.”

“வாங்கப்போறது நீங்க. நீங்க ஓட்டிப் பாருங்கம்மா.”

“நான் உக்காரப்போற எடம் இதுதான் சார்.”

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் அவருடைய மனைவிக்குத் தையற்கடைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அம்மாள் பின்னால் ஏறிக்கொள்ள, மூவரும் கிளம்பினார்கள்.

பார்வை நன்றாக இருந்தது. தூண்கள் ஒல்லி. கால் வைக்குமிடம் தாராளம். ஆனால் மேலாளரின் ஓட்டம்தான் சகிக்கவில்லை. ஒன்றாம் கியரில் வண்டி அலற அலற ஓட்டிவிட்டு நேராக மூன்றாவதுக்குத் தாவினார், வண்டி இருமியது. ஒவ்வொரு முக்கிலும் அதே கதை. ‘ஆயுசு முழுக்க ஓட்டியிருக்கிறார், கியர் மாற்றத் தெரியவில்லை’ என்று அவள் மனசுக்குள் மதிப்பெண்ணைக் குறைத்தாள். வாயைத் திறக்காமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டி வாங்க வந்த இடத்தில் பாடம் நடத்தக் கூடாது.

“புதுசு புக் பண்ணிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் சந்துக்குள் திரும்பினார். “அது தானாவே பிரேக் போடுமாம். இனிமே எனக்குக் கவலையே…”

ஓரத்திலிருந்து பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சைக்கிளில் நுழைந்தாள். மேலாளரின் கால் அசையவில்லை. பிரேக் அக்கா ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுத்தாள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல், கோடு போட்ட மாதிரி நின்றது. சைக்கிள் தன்பாட்டுக்குப் போய்விட்டது.

இரண்டு சக்கரமும் ஒரே சமமாகப் பிடிக்கிறது, கேபிளில் குறையில்லை. பழக்க தோஷம், அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. “வண்டி நல்லா இருக்கு சார்” என்றாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “என்னம்மா இது? என் வண்டியில, நான் ஓட்டிட்டு இருக்கும்போது, யாரைக் கேட்டு அதுல கை வச்சீங்க?”

“சார், அந்தப் பொண்ணு…”

“எந்தப் பொண்ணு?”

அவர் உண்மையாகவே பார்க்கவில்லை.

“நான் விக்கிறதா இல்ல” என்றார் அவர், வண்டியைத் திருப்பிக்கொண்டே. “இறங்கிக்குங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்கு என் வண்டியக் குடுக்க மாட்டேன்.”

மேலாளர் வீட்டு கேட்டுக்குள் போய் வண்டி நின்றது. அவள் இறங்கினாள். வாரக்கணக்காக அலைந்து கிடைத்த ஒரே நல்ல வண்டி. அது நல்ல வண்டி என்று நிரூபித்த அந்த ஒரு இழுப்பிலேயே கையை விட்டுப் போய்விட்டது. கெஞ்சலாமா என்று தோன்றியது. கெஞ்ச வாய் வரவில்லை. தன் மேல் வந்த கோபத்தில் கைப்பையின் வாரைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பின்கதவு திறந்தது. தையற்கடையை மறந்துவிட்ட அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போய், வண்டியின் காகிதங்களோடு வந்தாள்.

“எடுத்துட்டுப் போங்கம்மா. பேசினபடி குடுத்தா போதும்.”

“நான் விக்கலைன்னு சொல்லிட்டேன்ல?” என்றார் மேலாளர்.

“சொன்னீங்க. வண்டி என் பேர்ல இருக்கு.”

“அது வரிக்காக உன் பேர்ல…”

“எதுக்காக இருந்தா என்ன? நான் பாத்தேங்க அந்தப் பிள்ளைய. ரெட்டை ஜடை போட்டிருந்தா.” அந்த அம்மாள் காகிதங்களை இவள் கையில் கொடுத்தாள். “புது வண்டி புக் பண்ணினதையும் நிறுத்திடுங்க. முதல்ல கண் டாக்டர்கிட்ட போலாம்.”

கையெழுத்துப் போடும் வேலையெல்லாம் முடிந்து அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறியபோது அவர் தயங்கித் தயங்கி ஜன்னலருகே வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள்.

“செகண்ட் கியர் விழாது. ஃபர்ஸ்ட்லேர்ந்து நேரா தேர்டுக்குப் போயிடுங்க.”

“சார்! இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“ஓட்டிப் பாருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீங்கதானே மாட்டேன்னீங்க.”

அவர் மூன்றாவதுக்குத் தாவியபோதெல்லாம் குறை ஆளிடம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது; வண்டியிடம் இருக்கலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவளுக்கு எந்தத் தப்பும் ஓட்டுகிறவருடையதுதானே.

மேட்டுச் சாலைச் சிக்னலில் மானம் போயிற்று. இரண்டாவது விழவில்லை, பழக்கம் விடாமல் மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்ததில் வண்டி அணைந்தது. பின்னால் ஹாரன்கள். ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: “ஏம்மா, எங்கயாவது நல்ல ஸ்கூலாப் பாத்துக் கத்துக்கிட்டு ரோட்டுக்கு வரக் கூடாதா?”

மெக்கானிக்கின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். கியரை ஆட்டிப் பார்த்தான்.

“ஓட்டிப் பாக்காமயா வாங்கினீங்க? ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுக்கறீங்களேக்கா!”

“நான் உக்கார்ற எடத்துல உக்காந்து பாத்தேன்.”

“கியர் நடுவுலதானேக்கா இருக்கு? கண்ணுக்கு நேரா?”

“உன்னை யாரு கேட்டா? கியரை அப்புறம் பாரு. முதல்ல மிதி பொருந்துமான்னு சொல்லு. நாளன்னைக்கு ஆபீஸ்ல காட்டணும்.”

அவன் பழைய வண்டியிலிருந்து கழற்றிய மிதியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். இரும்பு இரும்போடு உரசும் சத்தம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் காத்திருந்தாள்.

“கம்பி தாராளமா போகுதுக்கா” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “வேணும்னா மிதியத் தொட்டுப் பாருங்க.”

இத்தனை நாள் ஆத்திரத்தையும் சேர்த்து அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

“ஐயோ, மெதுவாக்கா! என் கை இருக்கு!”