நீலம் ஏறாத தாள்

அந்தக் குத்தூசி, தானியக் கடையின் இடப்புறச் சுவரில், நாள்காட்டிக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான இரும்புக் குழல். முனை கூராகவும் பக்கவாட்டில் வாய் பிளந்தும் இருக்கும். மூட்டையில் செருகி இழுத்தால், கட்டைப் பிரிக்காமலே உள்ளிருக்கும் உளுந்தோ பாசிப்பயறோ ஒரு பிடி உள்ளங்கையில் வந்து விழும். எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த சிறிய மருத்துவமனை, அந்த நவதானியக் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதெல்லாம் கடைக்கார அண்ணாச்சி யாரோ ஒரு விவசாயியின் மூட்டையைக் குத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்.

எனக்கு மாடியில் ஒரு ஜன்னலோர மேசை, ஒரு நுண்ணோக்கி, வரிசையாகச் சில பழுப்புப் புட்டிகள். அந்தப் புட்டிகளில் இரண்டு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறிவதற்கானவை. வடிதாளில் மாதிரியைச் சிறிது தடவி, ஒரு மரப்பிசின் கரைசலையும் பிறகு பெராக்சைடையும் சொட்டுவிட வேண்டும். ரத்தம் இருந்தால் தாளின் மீது நீலம் மெல்லப் பரவும். அழகான நீலம்தான். அது எதைச் சொல்ல வருகிறது என்பது தெரியாதவரை யாரும் ரசிக்கலாம்.

அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பதைக் கடந்த வயது. அந்தச் சித்திரையில் அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் தாமே மூட்டையைப் புரட்டுகிறவர், இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி கையால் காட்டத் தொடங்கினார். மதினி, அதாவது அவர் மனைவி, ஒருநாள் அவரைக் கையோடு மாடிக்கு அழைத்துவந்துவிட்டார். எங்கள் டாக்டர் அவருடைய இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, சோகைக்குக் காரணம் தெரிய வேண்டும் என்று அந்தச் சோதனையை எழுதினார். மறுநாள் தாள் நீலமாயிற்று.

செய்தியைக் கேட்டதும் அண்ணாச்சி சிரித்தார். குருவிகுளம் பக்கத்தில் அவருடைய குலதெய்வமான சுடலைமாடனுக்கு இரண்டு நாள் முன்புதான் கொடை விழா முடிந்திருந்தது. "கெடா வெட்டி, ரத்தப் பொரியல் நாலு கரண்டி உள்ள போயிருக்கு டாக்டர். அந்த ஆட்டு ரத்தந்தான் ஒங்க தாள்ல தெரிஞ்சிருக்கும். பாவம், அது செத்தும் சாட்சி சொல்லுது" என்றார். டாக்டரும் அதை மறுக்கவில்லை. அந்தப் பிசினுக்கு ஆட்டு ரத்தமும் மனித ரத்தமும் ஒன்றே. முள்ளங்கி போன்ற சில காய்கள்கூட அதை ஏமாற்றிவிடும். சில நாள்கள் இறைச்சி இல்லாமல் இருந்து மறுபடி மாதிரி கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.

அண்ணாச்சி அதைப் பத்தியமாக எடுத்துக்கொள்ளவில்லை, விரதமாகவே எடுத்துக்கொண்டார். கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, கஞ்சியும் துவையலுமாக இருந்தார். அவரிடம் வாங்கிய இரண்டாவது மாதிரியில் நான் சொட்டுவிட்டுக் காத்திருந்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. சற்றுப் பொறுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். நீலத்தின் சாயல்கூட இல்லை. எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

"தங்கச்சி, அந்தத் தாளக் குடு. கடையில அம்மன் படத்துக்குக் கீழ வச்சுக்கிடுதேன்" என்று கை நீட்டினார்.

"அண்ணாச்சி, அதுல என்ன தடவியிருக்குன்னு மறந்துட்டீயளா?"

"ஆத்தாடி!" என்று கையை இழுத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் காத்திருந்த நோயாளிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

மதினி மட்டும் சிரிக்கவில்லை. "விரதம் இருந்தாகளாம் விரதம். புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு கூடை வீட்டுல காலி. சாறு பிழிஞ்சு பிழிஞ்சு எங் கையே எரிஞ்சு போச்சு" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார். "எதுக்கு அவ்வளவு எலுமிச்சம்பழம்?"

"ஒடம்புச் சூட்டுலதான் டாக்டர் ரத்தம் வரும். பரீட்சைக்கு முன்னால சூட்டத் தணிக்காண்டாமா?" என்றார் அண்ணாச்சி, நன்றாகப் படித்துத் தேறிய மாணவனின் பெருமையோடு.

எலுமிச்சையிலும் நெல்லியிலும் இருக்கும் சத்து மிகுதியாக உள்ளே போனால், ரத்தம் இருந்தும் நீலம் தோன்றாமல் போகலாம் என்று டாக்டர் எங்கோ படித்திருந்தார். அவர் எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். "எலுமிச்சை மறைச்சிருக்கலாம். இல்ல, நேத்து ரத்தம் கசியாமலே இருந்திருக்கலாம். குடல்ல கட்டி இருந்தா தெனமும் கசியணும்னு கட்டாயம் இல்ல. வெள்ளைத் தாளுக்கு அர்த்தம், இதுல ரத்தத்தப் பாக்கலைங்கிறது மட்டுந்தான்" என்றார். சோகைக்கு இன்னும் காரணம் தெரியாததால், திருநெல்வேலிக்குப் போய், குடலில் பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும் என்பது அவர் முடிவு.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "நீங்க வச்ச பரீட்சை. பாஸாயிட்டேன். பொறவு எதுக்கு இன்னொரு பரீட்சை எழுதச் சொல்லுதீய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினார். அவருடைய கோபத்தின் அடியில் இருந்தது அச்சம் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. திருநெல்வேலிக்குப் போனவர்களில் சிலர் எப்படித் திரும்பினார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். வெள்ளைத் தாள் அவருக்கு ஒரு சோதனையின் முடிவு மட்டுமல்ல. போகாமல் இருப்பதற்குக் கிடைத்த அனுமதி.

கீழே குரல்கள் உயர்ந்ததும் நான் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். மதினி ஆணியிலிருந்த குத்தூசியை எடுத்து, புதிதாக வந்திறங்கிய உளுந்து மூட்டை ஒன்றின் மேற்புறத்தில் குத்தி இழுத்தார். விழுந்த உளுந்தை அண்ணாச்சியின் முன்னால் நீட்டினார்.

"இது நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"இத மட்டும் பாத்து மூட்டைய வாங்கிருவீயளா?"

மேலே நல்ல சரக்கைப் பரப்பி, அடியில் பூச்சியரித்ததைக் கட்டிவந்தவர்களை அண்ணாச்சி எத்தனையோ முறை பிடித்திருக்கிறார்.

"ஊரான் மூட்டைன்னா மூணு எடத்துல குத்துவீய. ஒங்க வயித்துக்கு மட்டும் ஒரு குத்து போதுமோ?" மதினியின் குரல் அங்கே உடைந்தது. "அவுத்துப் பாத்துட்டு வந்துருவோம். சரக்கு நல்லதா இருந்தா ரெண்டு பேருமா சிரிச்சிக்கிட்டு வருவோம்."

அண்ணாச்சி அவர் கையிலிருந்து குத்தூசியை வாங்கி, துடைத்து, ஆணியில் மாட்டினார். "நாளைக்கு மொத வண்டிக்குக் கெளம்புதோம்" என்றார்.

பெருங்குடலின் இடப்பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. அது குடலின் சுவரைத் தாண்டுவதற்கு முன்பே அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். முதல்நாள் தெரிந்த நீலம் ஆட்டினுடையதா, அண்ணாச்சியினுடையதா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. தவறான காரணத்துக்காகவும் ஒரு சோதனை சரியாக எச்சரித்துவிடக்கூடும். அதே ஆண்டு, தாள் நீலமாகி, கலங்கிப்போய்த் திருநெல்வேலி வரை சென்று, குடலில் ஒன்றுமில்லை என்று திரும்பிய ஓர் ஆசிரியை என்னை வழியில் நிறுத்தி வைதார். அவருடைய கோபமும் நியாயமானதே. அந்தப் புட்டிகளின் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. அவை சொல்வதற்கும் நாம் கேட்க விரும்புவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அண்ணாச்சி அதற்குப் பிறகு நெடுங்காலம் கடையில் உட்கார்ந்தார். மகளுக்குத் திருமணம் செய்து, பேரனைத் தோளில் தூக்கி, வேறொரு நோயில், நல்ல முதுமையில் மறைந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தங்கச்சி, நான் பாஸானவன்லா, பெயிலாக்கிட்டீயளே" என்று சொல்லுவார். பக்கத்தில் மதினி இருந்தால் சிரிப்பை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொள்வார்.

சென்ற மாதம் எனக்கே அந்தச் சோதனை நடந்தது. இப்போதைய முறை மனித ரத்தத்தை மட்டுமே இனங்காணும். ஆடும் முள்ளங்கியும் எலுமிச்சையும் அதைக் குழப்புவதில்லை. ரத்தம் இல்லை என்று முடிவு வந்ததும், வெளியூரிலிருக்கும் என் மகன் தொலைபேசியில், "அப்பாடா, இனிமே கவலையில்லம்மா" என்றான். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே படியேறினால் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்தபோது வெளுத்திருந்தது. அந்த நல்ல முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்போது நாள்காட்டிக்குக் கீழே, ஆணியில் தொங்கும் அந்த இரும்புக் குழல் கண்ணுக்குள் வந்தது.

மகனிடம், "இது ஒரு குத்துதான்யா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. மறுநாள் காலை டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன்.