குரூப் டிஸ்கஷனும் பருத்திக்காட்டு நெரையும்

காலேஜ்ல கடைசி வருசம் எங்களுக்கு சாஃப்ட் ஸ்கில்னு ஒரு வகுப்பு. மதுரையில இருந்து ஒரு டிரெயினர் வருவாரு. முதல் நாளே போர்டுல 'டீம் ஒர்க்'னு பெருசா எழுதி, சேர்ந்து வேலை பாக்குறதுன்னா என்னன்னு பாடம் நடத்துனாரு. எங்களுக்குப் போயி. சனி, ஞாயிறு அம்மாகூட பருத்திக்காட்டுல களையெடுத்துட்டு, திங்கக்கிழமை திருச்சுழி பஸ்ஸைப் பிடிச்சு வர்ற புள்ளைகளுக்கு. அன்னைக்கே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

களையெடுப்புல செடி வரிசையைப் பிரிச்சு ஆளுக்கொரு நெரை பிடிப்போம். தன் நெரையை முடிச்சவ வரப்புல போய் உக்கார மாட்டா. பின்தங்கி நிக்கிறவ நெரையில எதிர்ப்பக்கமா இறங்கி எடுத்துக்கிட்டு வருவா. எல்லாரும் சேர்ந்துதான் கரையேறுவோம். இதை எங்களுக்கு யாரும் போர்டுல எழுதிப் போடல.

பிறகு ஒரு கம்பெனி ஆளெடுக்க அருப்புக்கோட்டையில எங்க காலேஜுக்கே வந்துச்சு. எனக்கு வேலை கிடைக்கலைன்னா வைகாசியில கல்யாணம்னு வீட்டுல முடிவு பண்ணியிருந்தாக. குரூப் டிஸ்கஷன்னு எட்டுப் பேரை மேசையைச் சுத்தி உக்கார வச்சு இங்கிலீஷ்ல பேசச் சொன்னாக. பக்கத்துல ரெட்டியபட்டிக்காரி, மூணு வருசமா ஒரே பெஞ்சுல இருந்தவ. நல்லாத்தான் ஆரம்பிச்சா. பாதியில வார்த்தை வராம திக்கி, என் முகத்தைப் பார்த்தா. அவ சொல்ல வந்ததை, அவ சொன்னதாவே நான் எடுத்துச் சொல்லி முடிச்சேன். என் நேரம் அதுலயே போயிருச்சு.

ரெண்டு பேரையும் கழிச்சுட்டாக. ஏன்னு டிரெயினர்கிட்ட கேட்டேன்.

"அவ திக்குனது உனக்குக் கிடைச்ச சான்ஸும்மா. நீ போய் அவளைத் தூக்கிவிட்டுட்டு நிக்கிற."

"டீம் ஒர்க்குன்னு நீங்கதான சார் சொன்னீக?"

"அதெல்லாம் வேலையில சேர்ந்த பிறகு."

இதை ஒரு மனுசன் வாய் கூசாம சொல்றாரே. இதுக்கா ஒரு வருசம் வகுப்பு, பரீட்சை, சர்டிபிகேட்டு?

அடுத்த மாசம் இன்னொரு கம்பெனி வந்துச்சு. அதே மாதிரி மேசை, பக்கத்துல அவளேதான். மறுபடி திக்குனா, மறுபடி என் முகத்தைப் பார்த்தா. நான் மேசையைப் பார்த்தேன். அவ நிறுத்துன இடத்துல பூந்து என் பேச்சைப் பேசுனேன்.

எனக்கு வேலை கிடைச்சுது. அவளுக்கு இல்ல. "இப்பத்தாம்மா நீ தேறியிருக்க"ன்னு டிரெயினர் கை குடுத்தாரு. நானும் சிரிச்சுக்கிட்டே குடுத்தேன். அதை நெனச்சா இன்னைக்கும் அந்த ஆளு மேல வர்ற ஆத்திரத்தை விட என் மேல வர்ற ஆத்திரந்தான் பெருசு.

அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுல நிக்க இடமில்ல. முன்னாடியே ஏறியிருந்த ரெட்டியபட்டிக்காரி, பக்கத்து சீட்டுல பையை வச்சு எனக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தா.