அம்மனுக்கு விட்ட கலப்பினக் கிடா

அடி அண்ணாமலையில் எங்களுக்கு இருக்கும் துண்டு நிலத்தில் இரண்டு கட்சி ஆடுகள் வளர்ந்தன. நாட்டுச் செம்மறி என் மனைவியின் கட்சி. கலப்பினம் என் கட்சி. அவளுடைய ஆடுகள் மலையடிவாரத்தில் கிடைத்ததை மேய்ந்து, பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் கிடக்கும் வாழைப்பழத் தோலைத் தின்று, ஒரு தும்மல்கூடப் போடாமல் வளர்ந்தன. என் ஆடுகளுக்குத் தீவனம், தாது உப்பு, மாட்டு டாக்டர், வெயில் காலத்தில் டேபிள் ஃபேன் என்று எல்லாம் வேண்டியிருந்தது. ஆனால் எடை? அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. பார்க்கிறவர்களை எல்லாம் பிடித்து நிறுத்தி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஃபேனை ஒரு நாளாவது எம் பக்கம் திருப்பி வெச்சிருக்கீங்களா?" என்பாள் மனைவி.

எங்கள் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. பிறந்தால் குலதெய்வமான அம்மனுக்குக் கிடா வெட்டுவதாக மனைவி நேர்ந்துகொண்டிருந்தாள். பேரன் பிறந்தான். அவனுக்கு மொட்டையடித்துக் காது குத்தும் நாளில் வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும். அவள் மனதில் வைத்திருந்தது நாட்டுக் கிடா. நான் விடுவேனா? சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் கூடுகிற இடமாயிற்றே. என் கலப்பினக் கிடாவுக்கு ரோமத்தைச் சீவி, வேப்பிலை மாலை போட்டுக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ரோமத்தைக் கத்தரிக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். கம்பீரம் போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வழக்கப்படி ஆட்டின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டக் கூடாது.

பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். கிடா அசையவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார். அது தன் மாலையையே மென்றுகொண்டு சொகுசாக நின்றது. பம்பைக்காரர் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோனார்.

"அம்மாவுக்கு மனசு வரலியே. பொண்ணு மேல ஏதோ குறை இருக்குது," என்றார் சம்பந்தியம்மா, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல், எல்லோருக்கும் கேட்கும்படி. "இத்தினி வருசம் புள்ள இல்லாம இருந்ததுக்கும் காரணம் இல்லாமயா இருக்கும்?"

மகள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். ஊரெல்லாம் கலப்பினத்தின் பெருமை பேசிய நான், கிடா மென்றது போக மிச்சமிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிடாவிடம் போனாள்.

"தண்ணி தோல்ல எறங்கினாத்தானே ஒதறும்? இது கலப்புங்க. மெத்தை மாதிரி ரோமம். இதுக்குப் போயி எம் பொண்ண குறை சொல்றதா?" என்றவள், இரண்டு கையாலும் முதுகு ரோமத்தை வகிர்ந்து பிடித்துக்கொண்டாள். "இப்ப ஊத்துங்க சாமி."

ஊற்றியதும் கிடா உதறிய உதறலில் என் புது வேட்டி மஞ்சளாகிவிட்டது. பம்பை மறுபடி முழங்கியது.

கறி நன்றாகத்தான் இருந்தது. சம்பந்தியம்மா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியதும் நேராக என்னிடம் வந்தார்.

"கறி ஜாஸ்தியா இருக்குதே சம்பந்தி! எங்களுக்கும் இதுல ஒரு குட்டி குடுங்களேன்."

எனக்கு வாயெல்லாம் பல். எடையில் ஆரம்பிக்கலாம் என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் மனைவி குறுக்கே வந்தாள்.

"உங்களுக்கு நாட்டாடே தர்றேன் சம்பந்தியம்மா. அது தண்ணி பட்டதும் ஒதறிடும். எம் பொண்ணு தல குனிஞ்சி நிக்க வேண்டியிருக்காது."