இன்னொரு தடவை கேட்பார்கள் என்று

அவருக்கு மாப்பிள்ளை என்ற பெயர் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. குளிரான ஒரு வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நான்கு பேரோடு ஒரே அறையில் இருந்தார். ஆளுக்கொரு நாள் சமையல். "சாப்பிட வாப்பா" என்று கூப்பிட்டால், "எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்பார். "அட, சும்மா வாய்யா" என்று கையைப் பிடித்து இழுத்தால்தான் தட்டை எடுப்பார். எடுத்தபின் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "இவனுக்குத் தினமும் மாப்பிள்ளை உபசாரம் பண்ண வேண்டியிருக்கு" என்று அறையில் ஒருவர் அலுத்துக்கொண்டார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்ந்த வீடு அப்படி. அம்மாவுக்கு அச்சகத்தில் வேலை. தாள் மடித்து, அடுக்கி, தைத்து, பசை போட்டு அட்டை ஒட்டுவாள். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் காவல்காரர். கையில் காசில்லாத வீட்டில் கௌரவம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். யார் எதைக் கொடுத்தாலும் உடனே கை நீட்டாதே, காணாததைக் கண்டவன் என்று சொல்வார்கள் என்பது அம்மா சொல்லிக் கொடுத்த பாடம். முதல் தடவை கேட்பது வாய், இரண்டாம் தடவை கேட்பதுதான் மனசு என்பாள். பக்கத்து வீட்டில் பலகாரத் தட்டை நீட்டினால் பையன் "வேண்டாம் அத்தை" என்பான். கண் மட்டும் தட்டைவிட்டு நகராது. அந்த அத்தையும் விவரமானவள். சட்டைப் பையில் திணித்துத்தான் அனுப்புவாள்.

இப்படிப்பட்டவர் போய்ச் சேர்ந்தது அலுமினிய ஜன்னல் செய்யும் ஒரு பட்டறையில். வேனில் இருவர் இருவராக வீடுகளுக்குப் போவார்கள். பழைய சட்டத்தைப் பெயர்த்து, புதியதை நிறுத்தி, ரசமட்டம் வைத்துக் கோணல் பார்த்து, திருகாணி முடுக்கி, சந்துகளில் சிலிக்கான் பசை பூசிவிட்டு வரவேண்டும். அவருக்கு ஜோடி ஒரு தாடிக்காரர், அந்த ஊர்க்காரர். முதல் வீட்டிலேயே வீட்டுக்காரம்மா, "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். தாடிக்காரர் "ஓ, குடிக்கலாமே" என்றார். மாப்பிள்ளை "இல்லைங்க, பரவாயில்ல" என்றார். ஒரே ஒரு கோப்பை வந்தது. தாடிக்காரர் அதை ரசித்து உறிஞ்ச, மாப்பிள்ளை சிலிக்கானை முகர்ந்துகொண்டு நின்றார். மானம் தப்பியது, தொண்டைதான் காய்ந்தது.

காபி போனால் போகட்டும். மூன்று வருஷம் கழித்துப் போனது அதைவிடப் பெரிது. பட்டறையை நடத்திய முதலாளியம்மா ஒரு காலையில் அவரைக் கூப்பிட்டு, "உன் வேலை நல்லா இருக்கு. பொருத்துற ஆளுங்களுக்கு நீ தலைவனா இருக்கியா?" என்று கேட்டாள். அவருக்கு உள்ளே மேளம் கொட்டியது. வாய் மட்டும் பழைய பாடத்தையே ஒப்பித்தது: "எனக்கெதுக்குங்க. என்னைவிட அனுபவம் உள்ளவங்க இருக்காங்களே." முதலாளியம்மா தலையாட்டினாள். மாப்பிள்ளை ஒரு வாரம் அவளுடைய அறைப் பக்கமாகவே நடந்து பார்த்தார். இரண்டாவது தடவை யாரும் கூப்பிடவில்லை. வேலை தாடிக்காரருக்குப் போயிருந்தது.

"நீதான் வேண்டாம்னு சொன்னியாமே?" என்றார் தாடிக்காரர்.

"இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

தாடிக்காரர் உண்மையிலேயே குழம்பிப் போனார். "எதுக்குக் கேக்கணும்? திரும்பத் திரும்பக் கேட்டா, உன் பேச்சை நம்பலன்னு அர்த்தம் ஆகாதா? நீ வேண்டாம்னா வேண்டாம்தான். அதுதானே உனக்குக் குடுக்கிற மரியாதை."

அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மாப்பிள்ளை அன்றிரவு தூங்கவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிவைத்திருக்கிறார்களே, வாழ்வோம் என்று முடிவு கட்டினார். முதலில் கூசியது. "குடிக்கிறேன்" என்று சொல்லி வாங்கிய முதல் காபி, திருடிக் குடித்தது மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம். அடுத்து ஒரு தலைவர் பதவி காலியானபோது முதலாளியம்மா வாயை மூடுவதற்குள் "செய்றேங்க" என்றார், கிடைத்தது. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

கல்யாணமாகி மனைவி வந்தாள். அவள் பாவம், பழைய பள்ளிக்கூடத்து மாணவி. "உனக்கு ஒரு புடவை எடுக்கலாமா?" என்று ஒரு நாள் கேட்டார். "எனக்கெதுக்கு, பெட்டி நிறைய இருக்கு" என்றாள். "சரி" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் அவள் பேச்சே சுவரோடுதான். விஷயம் புரிந்ததும் அவர் சிரித்துவிட்டு, "வேணும்னா வேணும்னு சொல்லு. எவ்வளவு சுலபம் பாரு" என்று தாடிக்காரரிடம் கற்ற பாடத்தை எடுத்தார். அவளும் கற்றுக்கொண்டாள், வேறு வழி? இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு தடவை கேட்டால் ஒரு தடவை பதில் என்று வீடு சச்சரவில்லாமல் ஓடியது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்பா இறந்த செய்தி வந்தபோது பிள்ளைகளுக்குப் பரீட்சை. மாப்பிள்ளை தனியாகத்தான் போனார். போகும்போதே ஒரு முடிவோடு போனார்: அம்மாவைத் தன்னோடு அழைத்து வந்துவிடுவது. சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கட்டில் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார். ஆசை பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன சாயங்காலம். மாடிப் போர்ஷனின் ஒற்றை அறையில் அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்கூட வந்துடறியா? அங்கயே இருந்துடலாம்."

அம்மா நிமிரவில்லை. "எனக்கெதுக்குப்பா அந்த ஊரெல்லாம். உனக்கும் பாரம். நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கற்ற பாடம் முன்னால் வந்து நின்றது. "சரிம்மா. உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றார். அம்மாவின் கை மடித்த துணியின்மேல் அப்படியே நின்றது. அப்பாவின் வேட்டி அது. அதைப் பார்த்துக் கலங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஊரில் இன்னும் சில நாள் இருந்தார். அம்மா அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டாள். கிளம்பும்போது டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "வேற ஏதாவது கேக்கணுமாப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. உடம்பப் பாத்துக்க" என்று கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தடவ கேட்டீங்க?"

"எத்தனை தடவ கேப்பாங்க? ஒரு தடவதான். அம்மாவுக்கு இஷ்டமில்ல."

அவள் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். "போன் போட்டு இன்னொரு தடவ கேளுங்க."

"வயசானவங்கள நச்சரிக்கக் கூடாது. அவங்க முடிவுக்கு மரியாதை குடுக்கணும்."

மனைவி விடாமல் தானே மாமியாரைக் கூப்பிட்டுக் கேட்டாள். "அவன் கேட்டானேம்மா. நானும் சொல்லிட்டேனே" என்று முடித்துவிட்டாள் கிழவி. பாத்தியா என்பதுபோல் மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த அறையில் மறுபடி சாமான் ஏறியது.

அடுத்து ஊருக்குப் போக இரண்டு வருஷம் ஆனது. போன மறுநாள் துண்டு தேடி அம்மாவின் பீரோவைத் திறந்தார். அடித்தட்டில் ஒரு தடித்த ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, காதை மூடும் தொப்பி, எல்லாம் கடைச் சீட்டோடு அப்படியே இருந்தன. மின்விசிறியை நிறுத்தினால் வேர்வை வழியும் ஊர் அது. அம்மா அச்சகத்துக்குப் போயிருந்தாள். அண்ணனைப் பார்க்க வந்திருந்த தங்கையைக் கேட்டார்.

தங்கை முதலில் மழுப்பினாள். பிறகு அவளால் முடியவில்லை.

"நீ அன்னைக்குக் கேட்ட மறுநாள் அம்மா என்னைக் கூட்டிட்டுப் போய் வாங்கிச்சு. 'வேண்டாம்னு சொல்லிட்டியேம்மா'ன்னேன். 'அவன் இன்னொரு தடவ கேப்பாண்டி. எடுத்த எடுப்பில சரின்னா, அப்பா எப்ப போவாருன்னு காத்திருந்த மாதிரி இருக்காதா'ன்னுச்சு. அச்சகத்துலகூடச் சொல்லிட்டு வந்துடுச்சு, எம் பையன் கூப்பிடுறான், போகப் போறேன்னு. நீ டாக்ஸி ஏறுற வரைக்கும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துச்சே, நீ பாக்கலயா?"

"நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிடுச்சு. கேட்டு வாங்குற மரியாத எனக்கெதுக்குன்னுச்சு. மறுபடி அச்சகத்துல போய் நின்னப்போ என்னாச்சுன்னு எல்லாரும் கேட்டாங்களாம். நான்தான் வேண்டாம்னுட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சாம்."

மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அலுமினியச் சட்டத்தில் நூலிழை கோணலைக் கண்டுபிடிக்கிற கண் அது. பெற்றவள் முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். தங்கை தடுக்கவில்லை.

சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "அம்மா, என்கூட வா."

"வேண்டாம்ப்பா."

"வாம்மா."

"வேண்டாம்."

"உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

அம்மா பீரோவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கோபப்படவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளையைத் தடவுவதுபோல முதுகைத் தடவினாள்.

"இப்ப நிஜமாவே வேண்டாம்ப்பா. உங்க அப்பா போன புதுசுல இந்த ரூமுக்குள்ள இருக்க முடியல. எங்கயாவது கூட்டிட்டுப் போயிடேன்னு இருந்துச்சு. அதெல்லாம் தாண்டி வந்தாச்சு. தனியா சமைச்சு, தனியா சாப்பிட்டு, தனியா படுத்துப் பழக எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மறுபடி ஒரு தடவ முதல்லேர்ந்து பழகச் சொல்லாத."

லீவு முடியும்வரை அம்மாவின் பின்னாலேயே நடந்தார். காய் நறுக்கிக் கொடுத்தார், தண்ணீர் தூக்கினார். அம்மா வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் வாங்கி வந்து குவித்தார். அவள் திட்டிக்கொண்டே எடுத்து வைத்தாள்.

கிளம்பும் நாள் காலையில் அம்மா தரையில் உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்களை மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி வாசலில் நின்றது. தாளின் மடிப்பை மரச்சில்லால் அழுத்தித் தேய்த்தபடி, ஏதோ ஞாபகம் வந்தவள்போலச் சொன்னாள்:

"நீ பேசாம இங்கயே வந்துடேன்ப்பா, பொண்டாட்டி பிள்ளைங்களோட. இங்க மட்டும் ஜன்னல் இல்லாமலா வீடு கட்டறாங்க?"

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்துடறேம்மா என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், முதலாளியம்மா எல்லாம் அதே நொடியில் குறுக்கே வந்து நின்றது.

"எப்படிம்மா முடியும்? பசங்க படிப்பு இருக்கே" என்றார்.

சொல்லிவிட்டு நகராமல் நின்றார். இன்னொரு தடவை கேட்டால் என்ன சொல்வார் என்று அவருக்கே தெரியாது. அவள் கேட்டால் போதும், பெட்டியைத் தள்ளிவிட்டு அந்தத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிடலாம் என்று மட்டும் இருந்தது.

"அதுவும் சரிதான்ப்பா. உன் இஷ்டம்" என்றாள் அம்மா. கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. அவள் அடுத்த தாளை எடுத்தாள்.